இடையில் நிற்பது எது?

ஒளியைக் கண்டால் உள்ளம் பணிகிறது. பேரொளியைக் கண்டாலோ கேள்வி கேட்கும் நாவும் அடங்கிவிடுகிறது. மின்னலுக்கு மிரண்ட காலத்திலிருந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம் இது. பகுத்தறிவு பேசும் நாம் இப்பழக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட்டுவிட்டோமா? விடுபட்டுவிட்டேன் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், சென்ற திங்கள் என் வகுப்பறையில் அந்த எண்ணம் உடையும் வரையில்.

நான் வரலாறு படித்துக் கலைப் பட்டம் பெற்றவன். பள்ளியாசிரியனாகி மூன்று ஆண்டுகளே ஆகின்றன. நாளேடு ஒன்றில் வந்த படத்தை ஒருநாள் மாணவர்களுக்குக் காட்டினேன். கரிய வானின் நடுவே செம்மஞ்சள் நிற வளையம். அதன் கீழே, தொலைதூர விண்மீன் திரள் ஒன்று கோடானுகோடி சூரியன்களின் ஒளியோடு சுடர்கிறது என்ற அறிவிப்பு. படித்தேன், வியந்தேன், மாணவர்களையும் வியக்க வைத்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அது ஏன் வளையமாக இருக்கிறது?" என்று கேட்டாள். "அதன் வடிவமே அதுதான்" என்று விடை கூறி அமர வைத்துவிட்டேன்.

அன்றிரவு நூல்களைப் புரட்டிய பிறகே தெரிந்தது, நான் கூறியது பிழை என்று. வளையம் அந்தத் திரளின் வடிவமன்று. நமக்கும் அதற்கும் இடையில் நிற்கும் வேறொரு திரள், அதன் ஒளியை வளைத்து, பெருக்கி, வளையமாக்கி நமக்குக் காட்டுகிறது. இடையில் நின்றதைப் பற்றி நாளேடு ஒரு சொல்லும் கூறவில்லை. ஆசிரியனாகிய நானும் கேட்கவில்லை. பதினான்கு வயதுச் சிறுமி கேட்டாள்! மறுநாள் அதே வகுப்பில், அதே கரும்பலகையின் முன் நின்று, நேற்றுக் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதோடு மனம் அமைதியடையவில்லை. அறிவியலில் இத்தகைய தவறு எனக்கு மட்டுமா நேர்ந்தது? அறிஞர்களுக்கு நேர்ந்ததில்லையா? நேர்ந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? இவ்வினாக்களோடு இரண்டு ஏடுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று 1936இல் வெளிவந்தது, மற்றொன்று 1991இல். வானியலைத் தொழிலாகக் கற்றவனல்லன் நான். ஆனால் ஓர் எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது திறனாய்வின் வேலை. அந்த வேலையை இலக்கியத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அறிவியல் ஏட்டின் முன் மட்டும் தலைகுனிந்து நிற்க வேண்டுமென்று யார் விதித்தார்கள்?

பெரியவர் எழுதிய சிறிய ஏடு

முதல் ஏட்டின் ஆசிரியர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். 1936 டிசம்பரில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த மிகச் சிறிய குறிப்பு அது. அதன் பின்னணியைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

பொருண்மை மிக்க எதுவும் தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை கூறும் முடிவு. சூரியனின் ஓரத்தை உரசிக்கொண்டு வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளைய வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறு ஒரு விகலை. நியூட்டன் வழியில் கணக்கிட்டால் இதில் பாதியளவே வரும். எது சரி? 1919 மே 29ஆம் நாள் முழுச் சூரிய மறைப்பு நிகழ்ந்தது. எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பித் தீவிலும், மற்றொரு குழுவினர் பிரேசில் நாட்டின் சோப்ராலிலும் படமெடுத்தனர். அளவீடுகள் ஐன்ஸ்டீன் பக்கமே சாய்ந்தன. ஒரே நாளில் அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

ஒளி வளையும் என்றால், வளைக்கும் பொருள் ஒரு வில்லையைப் போல வேலை செய்யாதா? ஒரு விண்மீனுக்கு நேர் பின்னால் மற்றொரு விண்மீன் இருந்தால், பின்னதன் ஒளி முன்னதன் எல்லாப் பக்கங்களிலும் வளைந்து வந்து வளையமாகத் தெரியாதா? இக்கேள்வியோடு 1936இல் ஐன்ஸ்டீனைத் தேடி வந்தார் ஒருவர். அவர் பெயர் ருடி மாண்டல். செக் நாட்டுப் பொறியாளர். பல்கலைக்கழகப் பதவி ஏதுமில்லை. பட்டயங்கள் வாங்கிய புகழுமில்லை. கணக்கிட்டு வெளியிடுங்கள் என்று விடாப்பிடியாகக் கேட்டார். ஐன்ஸ்டீன் இணங்கினார்.

இங்கேதான் திறனாய்வாளன் சற்று நிற்க வேண்டும். அந்தக் குறிப்பின் கணக்கில் குற்றமில்லை. மாண்டலின் பெயரைத் தொடக்கத்திலேயே குறிப்பிட்ட பண்பும் பாராட்டத் தக்கது. ஆனால் முடிவுரை என்ன? இந்நிகழ்ச்சியை நேரில் காணும் நம்பிக்கைக்கு இடமில்லை என்பது! இரண்டு விண்மீன்கள் அவ்வளவு சரியாக ஒரே கோட்டில் அமைவது அரிது. அமைந்தாலும் வளையம் கருவிகளுக்குப் பிடிபடாத அளவுக்குச் சிறியது. இவையே அவர் காட்டிய காரணங்கள். இதழாசிரியருக்கு அவர் எழுதிய கடிதத்திலோ, இக்குறிப்புக்குப் பெரிய மதிப்பில்லை, மாண்டல் மகிழ்வார் என்பதற்காகவே எழுதினேன் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். இதைவிட வியப்பு, இதே கணக்கை அவர் 1912ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் போட்டுப் பார்த்திருந்தார் என்பது. அந்தக் குறிப்பேட்டை ஆராய்ந்தவர்கள் 1997இல் அதை வெளியிட்டனர். கால் நூற்றாண்டுக் காலம் கையிலிருந்த கருத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

காரணங்கள் அவருடைய காலத்துக் கருவிகளைக் கொண்டு பார்த்தால் பொய்யல்ல. ஆனால் அவர் தம் கண்ணை விண்மீனோடு நிறுத்திக்கொண்டார். வானத்தில் வளைக்கும் வலிமை விண்மீனுக்கு மட்டுமா உண்டு? பல்லாயிரங்கோடி விண்மீன்கள் கூடிய திரள்களுக்கு இல்லையா? மேதையின் கணக்கு சரி. மேதை வரைந்த எல்லை தவறு. கணக்குக்காக அவரைப் போற்றும் நாம், எல்லைக்காக அவரைக் குறை கூறத் தயங்கக் கூடாது.

எல்லையைத் தாண்டியவர்

தயங்காத ஒருவர் அன்றே இருந்தார். கலிபோர்னியாவில் பணிபுரிந்த சுவிட்சர்லாந்து நாட்டவர் பிரிட்ஸ் சுவிக்கி. மாண்டலின் கருத்து சுவோரிக்கின் என்ற அறிஞர் வாயிலாக இவருடைய செவிக்கும் எட்டியது. 1937இல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் இவர் எழுதிய சிறு மடல்கள், ஐன்ஸ்டீன் மூடிய கதவைத் திறந்தன. விண்மீனை விடுங்கள், விண்மீன் திரள்களைப் பாருங்கள்; அவை பொருண்மையில் பெரியவை, வானில் அகன்றவை; அவை வில்லைகளாக அமைவதைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ உறுதி என்றார் சுவிக்கி. இதனால் மூன்று நன்மைகள் விளையும் என்றும் எடுத்துக்காட்டினார்: கொள்கைக்குச் சோதனை கிடைக்கும்; வழக்கமாக எட்டாத தொலைவிலுள்ள திரள்களைக் காணலாம்; இடையில் நிற்கும் திரளின் பொருண்மையையும் எடைபோடலாம்.

இவருக்கு அப்போது கிடைத்தது கைதட்டல் அன்று, காத்திருப்பு. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்தன. 1979இல் வால்ஷ், கார்ஸ்வெல், வெய்மன் என்ற மூவர், ஆறு விகலை இடைவெளியில் அருகருகே நின்ற இரண்டு குவேசார்களை ஆராய்ந்தனர். இரண்டின் நிறமாலையும் ஒன்றாகவே இருந்தது. தொலைவும் ஒன்றாகவே இருந்தது. இரட்டைப் பிறவிகளா? இல்லை, ஒன்றேதான் இரண்டாகத் தெரிகிறது என்று அவர்கள் கூறினர். இடையில் நின்ற திரளும் விரைவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு படிமத்தில் தோன்றிய ஒளிமாற்றம் 417 நாள் கழித்து மற்றதிலும் அப்படியே தோன்றுகிறது என்பது 1990களில் உறுதியானபோது, ஐயத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று. ஐன்ஸ்டீன் 1955லும் சுவிக்கி 1974லும் மறைந்துவிட்டனர். முடியாது என்றவரும் முடியும் என்றவரும் முடிவைக் காணவில்லை. விண்மீனே வில்லையாகி மற்றொரு விண்மீனின் ஒளியைப் பெருக்குவதும் 1993இல் கண்டறியப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோழர்களே, "ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார்" என்று பேச்சை முடிக்கும் வழக்கம் நம் மேடைகளிலும் உண்டு. 1937இல் எல்லாரும் அப்படி முடித்திருந்தால், ஒரு துறையே கருவில் கலைந்திருக்கும்.

வில்லை செய்வது என்ன?

அடுத்த ஏட்டுக்குப் போகுமுன் வில்லையின் இயல்பைத் தெளிவாக்கிக்கொள்வோம். தடித்த அடியுடைய கண்ணாடித் தம்ளரை எடுத்து, அதன் அடிப்பகுதி வழியாக விளக்குச் சுடரைப் பாருங்கள். சுடர் நீளும், வளையும், இரண்டாகும், சரியாக நடுவில் வைத்தால் வளையமாகவும் சூழும். வானத்திலும் ஏறத்தாழ இதுவே நடைபெறுகிறது. கண்ணாடிக்குப் பதில் அங்கே இருப்பது பொருண்மை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வில்லை ஒளியை உண்டாக்குவதில்லை. வேறு திசையில் போயிருக்க வேண்டிய கதிர்களை நம் பக்கம் திருப்புகிறது. அதனால் தொலைவுப் பொருளின் தோற்றம் பரப்பில் பெரிதாகிறது. பெரிதான அளவுக்கு நமக்கு வரும் மொத்த ஒளியும் கூடுகிறது. ஆகவே நாம் அளப்பது தோற்ற ஒளி. அதைப் பெருக்க அளவால் வகுத்தால் கிடைப்பதே இயல்பு ஒளி. வகுக்க மறந்தவன், திண்ணையில் அமர்ந்தவனின் நிழல் சுவரில் பெரிதாக விழுவதைக் கண்டு அவனை அரக்கன் என்று எண்ணுபவனுக்கு ஒப்பாவான்.

பெரும் புகழ் பெற்ற ஏடு

இப்போது இரண்டாவது ஏடு. 1983இல் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து 'ஐராஸ்' என்ற செயற்கைக் கோளை ஏவி, வானம் முழுவதையும் அகச்சிவப்பு ஒளியில் துழாவின. ஏன் அகச்சிவப்பு? புதிய விண்மீன்கள் தூசியும் வளிமமும் மண்டிய இடத்தில்தான் பிறக்கின்றன. அவற்றின் ஒளியைத் தூசி விழுங்கி, வெப்பமாகி, அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் திரள், அகச்சிவப்பில் பெருநெருப்பாகச் சுடரலாம். அவ்வாறு ஐராஸ் பட்டியலில் இடம்பெற்றிருந்த ஒன்றின் பெயர் எப் 10214+4724. பெருங்கரடி மண்டலத்தின் திசையில் உள்ளது.

ரோவன் ராபின்சனும் அவருடைய குழுவினரும் இதன் தொலைவை அளந்து 1991இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அதன் ஒளி நம்மை அடைய ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கும் மேலாகியிருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு ஒளியா? கணக்குப் போட்டபோது விடை ஏறத்தாழ 300 இலட்சங்கோடி சூரியன்கள் என்று வந்தது! அதுவரை அறியப்பட்ட பொருள்கள் அனைத்திலும் ஒளிமிக்கது என்ற பட்டம் அதற்குச் சூட்டப்பட்டது. இது தூசிக்குள் மறைந்த குவேசாரா, அல்லது பிறந்துகொண்டிருக்கும் முதல்நிலைத் திரளா என்று கட்டுரையின் தலைப்பே வினவியது. குவேசார் என்பது, நடுவிலுள்ள கருந்துளையில் விழும் பொருள் கொதித்து ஒளிவிடும் திரள் மையம்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் தலைப்பில் இருந்தவை இரண்டு விடைகளே. மூன்றாவது ஒன்று அங்கே இல்லை. இந்த ஒளி முழுவதும் அதற்கே உரியதா, இடையில் ஏதேனும் நின்று பெருக்கிக் காட்டுகிறதா என்பதே அந்த மூன்றாவது. பட்டம் முந்திக்கொண்டது, ஐயம் பின்தங்கியது.

பின்தங்கிய ஐயம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகவில்லை. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி கூர்மையாகப் பார்த்தபோது, அது ஒரு புள்ளியாகத் தெரியாமல் வில்லாக வளைந்திருந்தது. அருகே வேறு மங்கலான பொருள்களும் தெரிந்தன. 1995இல் பிராட்ஹர்ஸ்டும் லேஹாரும் இது ஈர்ப்பு வில்லையின் விளைவு என்று மாதிரி அமைத்துக் காட்டினர். கிரகாமும் லியூவும் கெக் படங்களைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தனர். 1996இல் ஐசன்ஹார்ட் குழுவினர் ஹபிள் விண்தொலைநோக்கியால் எடுத்த படத்தை வெளியிட்டனர். 0.7 விகலை நீளமுள்ள வில். எதிர்ப்பக்கத்தில் அதன் மங்கலான மறுபடிமம். நடுவே ஒளியை வளைக்கும் நீள்வட்டத் திரள். பெருக்கம் மொத்த ஒளியில் ஏறத்தாழ 30 மடங்கு என்று கணக்கிட்டனர். 300 இலட்சங்கோடி என்ற மகுடம், 10 இலட்சங்கோடி என்ற அளவுக்கு அருகில் இறங்கியது.

இது இழிவா? இல்லவே இல்லை. 10 இலட்சங்கோடி சூரியன்களின் ஒளி என்பதும் அளவிறந்த பேரொளியே. தூசிக்குள் குவேசாரும் உண்டு, புயல்வேகத்தில் விண்மீன்கள் பிறப்பதும் உண்டு என்று பின்னர்த் தெளிந்தது. ஆக, முதல் கேள்வியின் இரண்டு விடைகளுமே ஓரளவு மெய்யாயின. கேட்கப்படாத மூன்றாவது விடையும் மெய்யாயிற்று. இங்கே நான் போற்றுவது திருத்தம் நடந்த முறையை. பட்டம் சூட்டியவர்களின் பெருமை குறையுமே என்று எவரும் படத்தை மறைத்து வைக்கவில்லை. நான்கைந்து ஆண்டுகளில், பொதுவெளியில், எண்களோடு, பெயர்களோடு திருத்தம் அச்சேறியது. பிழையே செய்யாதவர் என்று எவரையும் அறிவியல் காட்டுவதில்லை. பிழை எத்தனை நாள் உயிரோடு உலவ விடப்படுகிறது என்பதே அறிவியலை அளக்கும் கோல்.

ஐயம் கருவியான கதை

இதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் சிறப்பு. ஒருமுறை ஏமாற்றிய வில்லையை வானியலார் பகையாகக் கருதவில்லை, பணியாளாக்கிக்கொண்டனர். இயல்பாகவே அளவுக்கு மீறிய ஒளியுடைய திரள்கள் மிக அரியவை. ஆகையால், மிகத் தொலைவில் ஒன்று அளவுக்கு மீறிச் சுடர்ந்தால், முதலில் வில்லையைச் சந்தேகி! இதுவே புதிய விதியாயிற்று. புகழே ஐயத்துக்கு அடையாளம் என்று ஒரு துறை தன் தேடுதலையே அமைத்துக்கொண்டது. எண்ணிப் பாருங்கள், இந்த விதி வானத்துக்கு மட்டும்தான் பொருந்துமா என்று!

2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்தொலைநோக்கி, தொடக்கத்தில் 14 சதுரப் பாகைப் பரப்பை ஆராய்ந்தது. முழுநிலாக்கள் எழுபதை அடுக்கி வைக்கக்கூடிய பரப்பு அது. அண்மைத் திரள்களையும் பிறவற்றையும் நீக்கிய பின், குறித்த அளவுக்கு மேல் ஒளிர்ந்த தொலைதூரப் பொருள்கள் ஐந்து எஞ்சின. ஐந்துமே வில்லையால் பெருக்கப்பட்டவை என்று நெக்ரெல்லோ குழுவினர் 2010இல் நிறுவினர். ஐந்துக்கு ஐந்து! ஐயம் அவ்வளவு துல்லியமாகக் குறிதைத்தது.

2013இல் வியேரா குழுவினர், தென்முனைத் தொலைநோக்கி தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒளிமிக்க திரள்களை, சிலி நாட்டு அட்டகாமாப் பாலைவனத்திலுள்ள ஆல்மா என்ற அலைவாங்கிக் கூட்டத்தால் ஆராய்ந்தனர். 26 திரள்களில் குறைந்தது 10 திரள்களின் ஒளி, 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது என்று தெரிந்தது. பேரண்டத்தின் இளம்பருவத்திலேயே இத்தகைய பெருந்திரள்கள், முன்பு எண்ணியதைவிட மிகுதியாக இருந்தன என்பது வில்லை தந்த செய்தி.

வில்லையின் மற்றொரு கொடை, நுணுக்கம். ஒளியைப் பெருக்குவதோடு உருவத்தையும் பெருக்குவதால், வெறும் கருவியால் பிரித்தறிய முடியாத உட்பகுதிகள் தெரிகின்றன. 2020இல் ரிட்சோ குழுவினர், எஸ்.பி.டி. 0418-47 என்ற திரளின் வளையப் படிமத்தைக் கணக்கால் நிமிர்த்தி, அது அமைதியாகச் சுழலும் வட்டு என்று காட்டினர். பேரண்டத்துக்கு 140 கோடி வயது ஆன காலத்துத் திரள் அது. அக்காலத்துத் திரள்கள் கலங்கிக் குழம்பியே இருந்திருக்கும் என்ற எண்ணத்தை அது அசைத்தது. 2024இல் மற்றொரு வளையம்: பி.ஜே. 0116-24. தோற்ற ஒளி ஏறத்தாழ 400 இலட்சங்கோடி சூரியன்கள். பெருக்கத்தை நீக்கிய பிறகும் 10 இலட்சங்கோடிக்கு மேல். நம் பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவுக்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. இத்தகைய பேரொளித் திரள்களில் ஆயிரம் அளவில் பிறக்கின்றன. இரண்டு பெருந்திரள்கள் மோதினாலன்றி இந்தப் பெருவேகம் வராது என்ற கருத்து வலுவாக இருந்தது. ஆனால் இதுவோ, மோதலின் சிதைவைக் காட்டாமல், ஒழுங்காகச் சுழலும் வட்டாக இருந்தது! ஒரே சான்றால் பழைய கருத்து முழுவதும் வீழ்ந்துவிட்டது என்று கூறமாட்டேன். மோதல் ஒன்றே வழி என்ற முடிவு இனி நிற்காது என்பது மட்டும் உறுதி.

வில்லைக்கும் குறையுண்டு

இவ்வளவு புகழ்ந்த பிறகு வில்லையையே தொழத் தொடங்கிவிடக் கூடாது. அதற்கும் குறைகள் உண்டு. அவற்றைக் கூறாவிட்டால் இத்திறனாய்வு முழுமையடையாது.

முதற்குறை: வில்லை நடுநிலையானதன்று. பின்னால் உள்ள திரளின் எல்லாப் பகுதிகளையும் அது ஒரே அளவில் பெருக்குவதில்லை. சரியான கோட்டில் அமைந்த சிறு பகுதியை மிகுதியாகவும், விலகி நிற்கும் பரந்த பகுதியைக் குறைவாகவும் பெருக்கும். எப் 10214+4724 திரளிலேயே, ஹபிள் கண்ட வில்லின் பெருக்கம் ஏறத்தாழ 100 மடங்கு; மொத்த ஒளியின் பெருக்கமோ 30 மடங்கு. திரள் ஒன்று, பெருக்கம் இரண்டு. ஆகவே, வெப்பமிக்க சிறு பகுதியின் ஒளியை முழுத் திரளின் இயல்பென்று தவறாகக் கொள்ள இடமுண்டு.

இரண்டாவது குறை: பெருக்க அளவு நேரே அளக்கப்படுவதன்று, மாதிரி அமைத்துப் பெறப்படுவது. இடையில் நிற்கும் திரளின் பொருண்மையில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள். அதன் பரவலை ஊகித்தே கணக்கிட வேண்டும். 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட ஏ.பி.எம். 08279+5255 என்ற குவேசாரின் தோற்ற ஒளி 5,000 இலட்சங்கோடி சூரியன்கள். அதன் பெருக்கம் ஏறத்தாழ 100 மடங்கு என்று ஒரு மாதிரி கூறியது. பின்னர் வந்த மற்றொரு மாதிரி 4 மடங்கே என்றது! நூறு எங்கே, நான்கு எங்கே? எந்த மாதிரியைக் கொண்டு வகுத்தார்கள் என்று கூறாமல் இயல்பு ஒளியைக் கூறுவது, எடைக்கல்லைக் காட்டாமல் எடையைக் கூறுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது குறை: வில்லை தேர்ந்தெடுத்துத் தருபவற்றையே நாம் காண்கிறோம். செறிந்து ஒளிரும் திரள்கள் எளிதில் பெருக்கப்பட்டு நம் பட்டியலில் ஏறுகின்றன. பரந்து மங்கியவை விடுபடுகின்றன. கண்டவற்றை வைத்துக் காணாதவற்றுக்கும் விதி கூறும்போது இந்தச் சாய்வை நினைவில் வைக்க வேண்டும். நல்ல ஆராய்ச்சியாளர்கள் இம்மூன்று குறைகளையும் தங்கள் கட்டுரைகளிலேயே எழுதிவைக்கிறார்கள். குறையை மறைக்காத அந்த நேர்மைதான், அவர்கள் கூறும் நிறைவையும் நம்பச் செய்கிறது.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள்

ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கும் இந்த நேர்மை, பொதுமக்களுக்கான செய்தியில் ஏன் இருப்பதில்லை? வளையப் படம் வருகிறது. கோடானுகோடி என்ற எண் வருகிறது. "அதிசயம்" என்ற சொல் வருகிறது. பெருக்கம் எத்தனை மடங்கு, வில்லை எது, கணக்கிட்டவர் யார் என்ற மூன்றும் வருவதில்லை. இடமில்லை என்பார்கள். அதிசயம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதலாமே! வியப்பை மட்டும் கொடுத்து வினாவைக் கொடுக்காத அறிவியல் செய்தி, மூடநம்பிக்கைக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுக்கிறது. அந்தச் சட்டையை அறியாமல் அணிந்துகொண்டு ஒருநாள் வகுப்பில் நின்றவன் நான். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வியக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆயிரங்கோடி ஆண்டுப் பயணம் செய்து வந்த கதிரை, வழியில் நின்ற ஒரு திரள் வளைத்து நம் கண்ணாடியில் விழச் செய்கிறது என்பதைவிட வியப்பான செய்தி எது? ஆனால் அந்த வியப்பு, வில்லையை அறிந்த பிறகே முழுமை பெறுகிறது. அறியாமல் வியந்தபோது என் மாணவர்கள் வாய் திறந்து பார்த்தார்கள். அறிந்த பிறகு வாய் திறந்து கேட்டார்கள்.

பிழையைத் திருத்திய அன்று, கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். தோற்ற ஒளி, பெருக்கம், இயல்பு ஒளி. முதல் கட்டத்தில் 300 என்று எழுதினேன், இரண்டாவதில் 30. மூன்றாவதை மாணவர்களே நிரப்பினார்கள். எளிய வகுத்தல்தான்; ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கடினமானது வகுத்தல் அன்று. வகுக்க வேண்டும் என்று நினைப்பது. அந்தச் சிறுமி மறுபடியும் எழுந்தாள். "ஐயா, 30 என்பது சரியென்று எப்படித் தெரியும்?" என்றாள். இம்முறை அவளை நான் அமர வைக்கவில்லை. மாதிரி என்றால் என்ன, ஊகம் என்றால் என்ன என்று மணி அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். முடிவில், தெரிந்த அளவுக்கு இது, புதிய அளவீடு வந்தால் மாறும் என்று அந்த எண்ணின் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

இளைஞர்களே, இனி ஒரு பேரொளியைப் பற்றிப் படித்தால், அது வானத்தில் இருந்தாலும் சரி, மண்ணில் இருந்தாலும் சரி, எவ்வளவு ஒளி என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இடையில் நிற்பது எது, அது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டுகிறது, அப்படிக் கணக்கிட்டவர் எடைக்கல்லைக் காட்டினாரா என்று கேளுங்கள். வகுத்த பிறகும் எஞ்சும் ஒளியைத் தயங்காமல் போற்றுங்கள். எப் 10214+4724 திரளுக்கு அப்படி எஞ்சியது, பத்து இலட்சங்கோடி சூரியன்கள்.